வெள்ளரிப் பூவில் அடித்த மருந்து

என் கணவருக்கு வேலை, பிஞ்சு வெள்ளரிக்காயை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில். தொண்ணூறுகளின் கடைசி அது. திண்டுக்கல்லைச் சுற்றியிருந்த கிராமங்களில் விதையைக் கொடுத்து, காயைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கம்பெனிகள் வந்திருந்தன. விரல் நீளத்துக்கு மேல் வளர விடாமல் பறிக்கிற காய். கம்பெனியில் கெர்கின் என்பார்கள். பயிர் செய்தவர்கள் 'கம்பெனி வெள்ளரி' என்றார்கள். எங்கள் பக்கம் யாரும் அதைச் சாப்பிட்டதில்லை. அவருக்குப் பீப்பாய்களை மேற்பார்வை பார்க்கிற பொறுப்பு. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே வினிகர் வாசம் அவருக்கு முன்னால் வந்துவிடும்.

ஆத்தூர் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன புதிது. எங்கள் வீடு, பக்கத்தில் இன்னொரு வீடு, வண்டிப்பாதைக்கு எதிரே ஒரு பூந்தோட்டம். அவ்வளவுதான் அப்போது அங்கே. நான் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம் சும்மா கிடந்தது. அவர் ஒருநாள் சின்ன பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிரித்தால் ரோஸ் நிறத்தில் விதைகள்.

"மருந்து தடவுன விதை. கையக் கழுவிக்க," என்றார். "சும்மா காமிக்கத்தான் எடுத்துட்டு வந்தேன். இதெல்லாம் உனக்கு வராது. விவசாயம் பண்றவங்களே திணறுறாங்க."

வராது என்றதும் எனக்கு வந்துவிட்டது ஆசை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து குழி எடுத்தேன். செம்மண். கீழே பாறைச் சில்லு. மக்கின சாணி எரு போட்டுக் கிளறி, குழிக்கு மூன்று விதை வீதம் விரல் முட்டியளவு ஆழத்தில் வைத்தேன். ஐந்தாம் நாள் காலையில், முதுகைக் கூனிக்கொண்டு முளைகள் எழும்பியிருந்தன. பள்ளிக்கூடத்தில் வருசா வருசம் டம்ளரில் பயறு முளைக்கவைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியவள்தான் நான். ஆனாலும் அன்றைக்குப் பஸ்ஸைத் தவறவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். குழிக்கு ஒன்று விட்டு மீதியைக் கிள்ளினேன். மூங்கில் நட்டுத் தேங்காய்நார்க் கயிறு இழுத்துக் கட்டினேன். கொடி சுருள்கை நீட்டி அதைப் பிடித்து ஏறியது.

தண்ணீர் மட்டும்தான் பிரச்சினை. எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. வெள்ளரி உப்பைத் தாங்காது. எதிர்ப் பூந்தோட்டத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர். தோட்டக்காரருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். செவ்வந்தியும் மல்லிகையும் போட்டிருந்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் குடிக்கிற தண்ணீர் அங்கேதான். வெள்ளரிக்கும் வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எடுத்துக்கங்க டீச்சரம்மா. எம்புட்டுக் குடம் ஊத்திறப் போறீங்க," என்றார்.

அவருடைய மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் இருந்தாள், அடுத்த வருசம் என் வகுப்புக்கு வந்தாள். இதை இங்கே சாதாரணமாகத்தான் சொல்கிறேன். எனக்கும் அப்போது அது சாதாரணமாகத்தான் இருந்தது.

பூக்கள் வந்தன. முதலில் ஆண் பூ. பிறகு, காம்புக்குப் பதிலாகச் சுண்டுவிரல் நகமளவு பிஞ்சோடு பெண் பூ. பிஞ்சைக் கண்டதும் எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஆனால் இரண்டு நாளில் எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தன. எரு போட்டேன், சாம்பல் தூவினேன், ஜெபமாலைகூடச் சொன்னேன். ஒன்றும் நிற்கவில்லை. அவர் கம்பெனியில் விசாரித்துக்கொண்டு வந்தார். "ஈ வராட்டி பிஞ்சு நிக்காதாம். அந்தப் பக்கம் தேனீயே இல்லையோ என்னவோங்கிறாங்க."

தேனீ பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

பக்கத்து வீட்டுக்காரியை நான் மதினி என்பேன். அவள் என்னை டீச்சர் என்பாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வீட்டுத் தாழ்வாரத்தில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். புருசன் லாரி டிரைவர், ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு போனால் வர ஒரு வாரம் ஆகும். அந்த வருசம் அவளுடைய மகளிர் குழுவில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கூப்பிட்டார்கள். நாலு நாள் பயிற்சி. புருசன் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறான். லாரி கிளம்பிப் போனதும் இவளும் கிளம்பிப் போய்விட்டாள். திரும்பி வரும்போது மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"கல்யாணத்துக்கப்பறம் அந்தாளு இல்லாம நான் ஊரத் தாண்டிப் போனது இதாம் டீச்சர் மொதத் தடவ," என்றாள். "கொட்டுச்சு. இங்க பாரு, காது எப்புடி வீங்கிருக்குன்னு." அதைச் சொல்லும்போது அப்படியொரு சிரிப்பு.

பெட்டியை அவள் எங்கள் சுற்றுச்சுவரை ஒட்டியே வைத்தாள். எறும்பு ஏறாமல் நாலு கால்களுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம். மூன்றாம் நாள் என் வெள்ளரிப் பூக்களில் ஈக்கள் இருந்தன. காலை ஏழு மணிக்கு வரும். பதினொரு மணிவரை ஒவ்வொரு பூவாக நுழைந்து மகரந்தத்தைப் பூசிக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பிறகு ஒரு பிஞ்சும் உதிரவில்லை.

காய்க்க ஆரம்பித்தால் அந்தக் கொடி நம்மை உட்கார விடாது. காலையில் விரல் பருமன் இருப்பது மறுநாள் காலையில் கட்டை விரலைவிடப் பெரிதாகிவிடும். அவர் கம்பெனிக் கணக்கில் பெரிதானால் தள்ளுபடி. தினமும் விடிந்ததும் பறித்தேன். இலைக்கு அடியில் ஒளிந்து ஒன்று பெருத்துவிட்டால் எனக்கு அவமானமாக இருக்கும். கழுவி, ஜாடியில் உப்புத் தண்ணீரும் வினிகரும் கடுகும் கீறின பச்சைமிளகாயும் போட்டு ஊறவைத்தேன். பறித்ததில் பாதி மதினிக்கு. அவள் அதைப் புளி ஊற்றிக் குழம்பு வைத்தாள்.

"என் ஈ இல்லாட்டி உனக்கு ஒத்தக் காய் கெடையாது, தெரியும்ல?" என்பாள்.

"தெரியும் மதினி, தெரியும்."

முதல் தேன் எடுத்தபோது அரை டம்ளர்தான் வந்தது. அதை அப்படியே கொண்டுவந்து, இருமிக்கொண்டிருந்த என் மகளுக்குக் கொடுத்தாள். தன் வீட்டில் நாக்கில்கூட வைத்துப் பார்க்கவில்லை.

மறு வருசமும் விதைத்தேன். அந்தத் தடவை முழு இடத்திலும். கொடி முதல் வருசத்தைவிட நன்றாக வந்தது. அவரே கம்பெனியில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். அவருடைய மேனேஜர், "ஒரு நாள் உங்க வீட்டுத் தோட்டத்தப் பாக்கணுமே," என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடானது. அது தவக்காலம், நாங்கள் கறி சேர்க்காத நாட்கள். மேனேஜர் இந்து என்பதால் கறிக்குழம்பு வைக்கலாமா கூடாதா என்று எங்களுக்குள் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த வாரத்தில்தான் சிவப்பு வண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு மூன்று இலையில் ஓட்டை. வியாழக்கிழமை பார்த்தால் இலையெல்லாம் சல்லடை. கையால் பிடித்துப் போட்டேன், தீரவில்லை. அவர் கம்பெனியின் வயல் ஆட்களிடமிருந்து ஒரு பாட்டிலில் மருந்து வாங்கி வந்தார். கூடவே ஒரு கைத்தெளிப்பானும்.

"பொழுது சாயத்தான் அடிக்கணும்," என்றார். "அதுக்குள்ள பூ மூடிரும், ஈயும் அடஞ்சிரும். காலையில மட்டும் அடிச்சிராத. மதினிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிரு. ஒரு நாளைக்குப் பெட்டியச் சாக்கப் போட்டு மூடி வச்சுக்கட்டும்."

இதை அவர் இரண்டு தடவை சொன்னார். எனக்கு நன்றாகப் புரிந்தது. பின்னால் யாராவது கேட்டிருந்தால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

வியாழன் சாயங்காலம் பரீட்சைப் பேப்பர் கட்டைப் பிரித்து உட்கார்ந்தேன், இருட்டிவிட்டது. வெள்ளி சாயங்காலம் கோயிலில் சிலுவைப் பாதை, போகாமல் இருக்க முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் அடித்தால் மறுநாள் வருகிறவர் மூக்கில் மருந்து நாற்றம்தான் அடிக்கும். இப்படியெல்லாம் மனதுக்குள் கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மருந்தைக் கலக்கினேன். அவர் அதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார்.

பூவெல்லாம் விரிந்திருந்தது. ஈக்கள் இருந்தன. நான் பார்த்தேன். ஒன்று ஒரு பூவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பின்பக்கம் மட்டும் வெளியே தெரிய அசைந்துகொண்டிருந்தது. ஒரு நிமிசம் கை நின்றது. பிறகு, 'இங்க இருக்கறது பத்தோ இருபதோ, பெட்டிக்குள்ள ஆயிரக்கணக்குல இருக்குமே' என்று நினைத்துக்கொண்டு அடித்தேன். இலைக்கு மேலும் கீழும், பூவின் மேலும். மதினியிடம் சொல்லவும் இல்லை. சொன்னால், சாயங்காலம் வரை பொறு என்பாள்.

எதிரே செவ்வந்திப் பாத்தியில் மண்வெட்டியோடு நின்றவர் என்னைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"என்ன டீச்சரம்மா, மருந்தா?"

"ஆமாண்ணே. வண்டு தின்னுருச்சு."

"இந்நேரத்துலயா?" என்றார். நான் கேட்காததுபோல வீட்டுக்குள் வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். எட்டேகால் பஸ் கிடைத்துவிட்டது.

சாயங்காலம் நாலரைக்கு வந்து இறங்கினேன். மதினி பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மெஷினில் ஊசிக்கடியில் ஒரு ஜாக்கெட் பாதித் தையலில் அப்படியே கிடந்தது.

"டீச்சர், இங்க வந்து பாரேன்."

பெட்டி வாசலுக்குக் கீழே மண்ணில் கறுப்பாகப் பரப்பிவைத்ததுபோல ஈக்கள் கிடந்தன. சில மல்லாந்து கிடந்து வட்டமாகச் சுற்றின. சில வாசல் பலகையில் ஏற முயன்று விழுந்தன. நாக்கு நீட்டிக்கொண்டு செத்திருந்தன. தேனீக்கு நாக்கு உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மதினி ஒரு முறத்தில் அவற்றை அள்ளி வைத்திருந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"காலையில ஈயெல்லாம் நல்லாத்தான் போச்சு. பதினோரு மணிக்கு வந்து பாக்குறேன், இப்புடி. உள்ளேயும் கெடக்கு. ராணி இருக்கா செத்துச்சான்னு தெரியல. என்ன டீச்சர் ஆயிருக்கும்? நீ படிச்சவ, சொல்லு."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், சொல்வதற்காகத்தான் திறந்தேன் என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். ஆனால் வந்தது வேறு.

"பூந்தோட்டத்துல மருந்து அடிப்பாங்கள்ல மதினி..."

அவ்வளவுதான் சொன்னேன். 'அவர் அடித்தார்' என்று சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை வைத்துக்கொண்டு பல மாதம் நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

மதினி முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து நேரே வண்டிப்பாதையைத் தாண்டிப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். தோட்டக்காரர் வரப்பில் உட்கார்ந்து பூக்கூடைக்கு ஈரச் சாக்கு சுற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவியும் மகளும் பக்கத்தில் இருந்தார்கள். மகள் பள்ளிச் சீருடையை இன்னும் மாற்றவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "குட் ஈவினிங் மிஸ்," என்றாள்.

"இத்தன உசிரக் கொன்னுட்டு உக்காந்து பூக்கட்டுறியேண்ணே," என்று முறத்தை அவர் முன்னால் கவிழ்த்தாள் மதினி.

"என்ன தங்கச்சி இது?"

"என்னன்னா கேக்குற? மருந்த அடிச்சுக் கொன்னுட்டு!"

"தாயி, நான் மருந்தடிச்சுப் பத்து நாளாச்சு. கேட்டுப் பாரு..." என்றவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் கோபம் எதுவும் இல்லை. அடுத்ததாகப் பேச வேண்டியவள் நான் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே கொட்டிக் கிடந்த ஈக்களைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மறுபடி சாக்கைச் சுற்ற ஆரம்பித்தார். அதை மதினி குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள்.

குனிந்து இரண்டு கை நிறைய மண்ணை வாரினாள். "வாயில்லாச் சீவன்கள இப்புடிப் பண்ணுனவன் குடி வெளங்குமா? பூவும் கருகும், பொழப்பும் கருகும்! இந்தா, பாத்துக்க!" என்று தூற்றினாள். மண் செவ்வந்தியின் மேலும் கூடையின் மேலும் அந்தப் பிள்ளையின் சீருடையின் மேலும் விழுந்தது. அம்மாக்காரி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். யாராவது வயிறெரிந்து மண்ணைத் தூற்றினால் அது பலிக்கும் என்று எங்கள் பக்கத்தில் நம்பாதவர்கள் இல்லை. வேதக்காரி நானும் உள்ளுக்குள் பயந்தேன்.

ஆறு மணிக்குச் சிலுவைப் பாதைக்குப் போனேன். பதினாலு நிலைகளிலும் முழங்கால் போட்டேன். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

நடந்ததைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்த என் கணவர், பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எப்ப அடிச்ச?"

சொன்னேன்.

"போய்ச் சொல்லிரு," என்றார். "இப்பவே போ. நான் வேணா கூட வாரேன்."

"ஞாயித்துக்கிழம முடியட்டுங்க," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வந்தார். கொடிகளைச் சுற்றிப் பார்த்தார். விரல் விரலாகத் தொங்கின காய்களைப் பார்த்து, "டீச்சர்கிட்ட நம்ம ஃபீல்டு ஆளுகள அனுப்பிப் படிக்கச் சொல்லணும்," என்றார். கோழிக்குழம்பு நன்றாக இருந்தது என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தமே இல்லை.

அதற்குப் பிறகு என் கணவர் இரண்டு மூன்று தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தேன். மதினியின் புருசன் ஊரில் இருக்கிறான், இப்போது சொன்னால் சண்டையாகும். மதினிக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் அவரும் கேட்பதை விட்டுவிட்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் அது பேசாத பேச்சாகக் கிடந்தது.

பெரிய வெள்ளிக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். பொய்ச்சாட்சி சொன்னேன் என்று சுருக்கமாகச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் விடவில்லை, முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஜெபம் எதுவும் தரலம்மா. நேரா அந்தப் பெண்கிட்டயும் அந்த மனுசன்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றார். நான் போகவில்லை. அடுத்த வருசம் கொடைரோடு பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேசத்துக்குப் போனபோது அங்கிருந்த கோயிலில், முகம் தெரியாத வேறு சாமியாரிடம் இதையே மழுப்பிச் சொல்லி, மூன்று அருள்நிறை மரியே ஜெபத்தைப் பரிகாரமாக வாங்கிக்கொண்டு வந்தேன். அதைச் சொல்லி முடித்தபோதே தெரிந்தது, எதுவும் கழியவில்லை என்று.

மண்ணைத் தூற்றிய அன்றோடு மதினி அந்தக் கிணற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "அவன் கெணத்துத் தண்ணி என் தொண்டையில எறங்காது," என்றாள். அரை மைல் தள்ளி ரோட்டோரத்தில் ஒரு பஞ்சாயத்துக் குழாய் இருந்தது. தினமும் இரண்டு நடை, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடம். நான் அதே கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். தோட்டக்காரர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஒரு நாள் நான் நிறைகுடத்தோடு வண்டிப்பாதையைத் தாண்டும்போது மதினி எதிரே குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தாள். வேர்த்து ஊற்றியது. "செத்த எறக்கி வைடி டீச்சர், மூச்சு வாங்கிக்கிறேன்," என்று என்னிடமே குடத்தைக் கொடுத்தாள். வாங்கி இறக்கி வைத்தேன்.

மேனேஜர் வந்துபோன மறுவாரமே கொடிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டேன். காய்ப்பு பாதியில் இருந்தது. ஈ இல்லாமல் பிஞ்சு மறுபடி உதிர ஆரம்பித்திருந்தது. அதைத் தினமும் பார்க்க முடியவில்லை. மதினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என் ஈ போயிருச்சுன்னு மனசு கேக்காமத்தான பிடுங்கிப் போட்ட?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "எனக்காண்டி வருத்தப்பட நீ ஒருத்தியாச்சும் இருக்கியே."

இவ்வளவு வருசத்தில் என்னை யாரும் இதைவிடக் கடுமையாகத் திட்டியதில்லை என்று எனக்குத் தோன்றும்.

அவள் மறுபடி தேனீ வைக்கவில்லை. குழுவில் இன்னொரு பெட்டி தருகிறோம் என்றார்களாம். "ஒரு தடவ கெளம்பிப் போனதுக்கே கிடைச்சது போதும்," என்று புருசன் சொல்லியிருக்கிறான். அவளும் குழுவுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். பிறகு சில வருசம் மழையே இல்லை. பூந்தோட்டம் காய்ந்தது. முதலில் செவ்வந்தி, அப்புறம் மல்லிகையும். கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போனது. அப்போதும் எனக்கு இரண்டு குடம் கிடைத்தது. தோட்டக்காரர் ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போக ஆரம்பித்தார். அதே சமயத்தில் மதினி குடும்பம் ஒட்டன்சத்திரத்துக்கே வீடு மாறிப் போய்விட்டது. போகிற அன்று சாமான் ஏற்றிய லாரிக்குப் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றும் நான் சொல்லவில்லை. அழுகிறவளிடம் எப்படிச் சொல்வது என்று அன்றைக்கு ஒரு காரணம்.

பல வருசம் கழித்து, தோட்டக்காரர் எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்தார். அந்தப் பிள்ளைக்குத்தான் கல்யாணம். என் நாலாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை. தாம்பூலத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மடியிலிருந்து இன்னொரு பத்திரிகையை எடுத்தார்.

"ஒட்டன்சத்திரத்துல அந்தத் தங்கச்சிக்கும் ஒண்ணு வைக்கணும் டீச்சரம்மா. பக்கத்துலயே இருந்து பழகுனவங்க. நான் போனா கதவத் தொறக்குமோ என்னமோ. நீங்க குடுத்துர்றீங்களா?"

அதை வாங்க என் கை நீளவில்லை. "அண்ணே," என்றேன், "அன்னைக்குக் காலையில நீங்க என்னப் பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏண்ணே சொல்லல? அம்புட்டுப் பேச்சும் மண்ணும் வாங்கிக்கிட்டு..."

அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். "எம்புள்ள ஒங்க கிளாஸ்ல இருந்துச்சுல்ல டீச்சரம்மா," என்றார்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது அவர் நீட்டிக்கொண்டிருந்த பத்திரிகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் பெரிய மனசோடு என்னைக் காப்பாற்றினார் என்றுதான் அத்தனை வருசமும் நினைத்திருந்தேன். அதில் ஒரு சின்ன சுகம்கூட எனக்கு இருந்தது. அவர் பயந்திருக்கிறார். டீச்சரைக் காட்டிக்கொடுத்தால் பிள்ளையின் படிப்பு என்ன ஆகுமோ என்று பயந்து, கிணற்றையும் திறந்துவிட்டு வாயையும் மூடிக்கொண்டிருக்கிறார். நான் ஒருநாளும் அந்தப் பிள்ளையைக் கடிந்து பேசினதில்லை. அது அவருக்கு எப்படித் தெரியும்?

"மன்னிச்சிருங்கண்ணே," என்றேன். அவர் சங்கடப்பட்டு எழுந்துகொண்டார். "அதெல்லாம் எதுக்கு. கல்யாணத்துக்கு வெள்ளனவே வந்துருங்க."

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. மதினிக்கு முடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் மெஷினை விட்டு எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். காபி போட்டாள். பத்திரிகையை நீட்டினேன். பேரைப் படித்ததும் முகம் மாறியது.

"இத எதுக்கு நீ கொண்டாந்த?"

காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன். காலை ஏழே முக்கால், விரிந்த பூ, என் கணவர் இரண்டு தடவை சொன்னது, பஸ்ஸில் ஏறிப் போனது, எதையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த வெட்டுத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள்.

"ஈ செத்தது போகட்டும்," என்றாள் கடைசியில். "நீ வேணும்னா பண்ணுன? அவசரத்துல பண்ணிட்ட. அத அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிருந்தா நாலு நாளு உன்கூடப் பேசாம இருந்துருப்பேன். அஞ்சாம் நாள் பேசிருப்பேன்."

"ஆமா மதினி."

"மண்ண வாரித் தூத்துனேனே டீச்சர். ஒரு தப்பும் பண்ணாத மனுசன் மேல. பச்சப் புள்ள மேல விழுந்துச்சு. அவரு தோட்டம் காஞ்சு மில்லுக்கு வேலைக்குப் போறாருன்னு நீதான அப்ப சொன்ன? அத கேட்டு நான் உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டேன். என் சாபம் பலிச்சிருச்சுன்னு கோயில்ல போயி சூடம் பொருத்துனேன்." மடித்து அடுக்கிய துணியைத் தள்ளி வைத்தாள். "என்னைய இப்படிப்பட்டவளா ஆக்கிட்டியே."

நான் சொன்ன அந்த அரை வாக்கியம் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று நான் யோசித்ததே இல்லை. என் பொய்யையும் என் பாவத்தையும் என் பயத்தையும்தான் அத்தனை வருசமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நீ கெளம்பு டீச்சர்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அந்தாளு வர்ற நேரம். நான் இப்ப யாருகிட்டயும் பேசுற மாதிரி இல்ல."

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு அப்படி எதுவும் இறங்கவில்லை. ஆனால் என்னிடம் கிடந்ததில் அவள் பங்கு எது, அவர் பங்கு எது என்று பிரித்துக் கொடுத்துவிட்டு வந்ததுபோல ஒன்று இருந்தது. அது சரியா என்று தெரியவில்லை.

மதினி கல்யாணத்துக்கு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். மண்டப வாசலில் தோட்டக்காரர் வேட்டி சட்டையில் எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு எதிரே போய் நின்றாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை, நான் தூரத்தில் பெண்கள் கூட்டத்தில் இருந்தேன். அவர் பதறிக்கொண்டு இரண்டு கையாலும் வேண்டாம் வேண்டாம் என்று சைகை செய்தார். அவருடைய மனைவி ஓடிவந்து அவளுடைய தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் போய் மதினி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. சீருடையில் மண் விழுந்ததெல்லாம் அதற்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ.

பந்தியில் நான் அவளுக்குப் பக்கத்து இலையில் உட்காரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். நான் அடுத்த பந்தியில் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வரும்போது அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். தோட்டக்காரரின் மனைவி அவள் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ," என்றேன்.

"இல்ல, மூணு மணி பஸ்ஸப் பிடிக்கணும்," என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். பிறகு, "அண்ணனுக்கு இன்னும் அந்த மில்லுலதான் வேலையா?" என்று தோட்டக்காரரின் மனைவியிடம் கேட்டபடியே அவளோடு ரோட்டுக்கு இறங்கிப் போனாள்.